சட்டத்துக்குள் ஒரு முட்டை

ஜூன் 3, செவ்வாய்

இதழி தூங்கிவிட்டாள். அவளுக்கு முன்பே செழியன் தூங்கிவிட்டான். தாலாட்டு பாடியது மகளுக்கு, பலித்தது அப்பனுக்கு. இந்த வீட்டில் விழித்திருக்கும் உரிமை எனக்கு மட்டும்தான் எழுதி வைத்திருக்கிறது போல. அதனால் எழுதுகிறேன்.

இன்று டாக்டரிடம் போனோம். எடை போதவில்லையாம். "முட்டை மஞ்சள் கரு ஆரம்பிங்க" என்றார், வெந்நீர் கொடுங்க என்று சொல்வது மாதிரி. நான் செழியனைப் பார்த்தேன். செழியன் மின்விசிறியைப் பார்த்தான்.

"என்ன, அலர்ஜி ஏதாவது இருக்கா?"

"குழந்தைக்கு இல்ல டாக்டர்" என்றான் செழியன். "ஹவுஸ் ஓனருக்கு."

டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ்ஸில் வரும்போதுதான் வந்தது, அதுவும் நிற்காமல். பக்கத்து சீட்டு அம்மா எழுந்து வேறு இடம் போய்விட்டார்.

எங்கள் ஓனர் கோமதியம்மா கீழ் வீட்டில் தனியாக இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கம். கணவர் போய்ப் பல வருடம் ஆகிறது, பிள்ளைகள் வெளிநாட்டில். சுத்த சைவம். நாங்களும் சுத்த சைவம் என்றுதான் புரோக்கர் சொல்லி வைத்திருக்கிறார். வீடு பார்க்க வந்த அன்று கோமதியம்மா எங்களிடம் வாடகை பற்றிப் பேசும் முன் கேட்ட கேள்வி, "உங்களுக்குக் குலதெய்வம் எது?"

"முருகன்" என்றான் செழியன்.

"முருகன் எல்லாருக்கும்தான். குலதெய்வம்?"

"பழனி முருகன்" என்றான்.

அவருக்கு அதற்கு மேல் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. எங்கள் பெயரிலும் ஒன்றும் கிடைக்கவில்லை. பூவிழி, செழியன், இதழி. தமிழ் வாத்தியார் வீட்டுப் பிள்ளைகள் என்று நினைத்திருப்பார். சாவியைக் கொடுத்துவிட்டார். அதற்கு முன் பார்த்த வீடுகளில் ஒருவரும் கொடுக்கவில்லை. ஒருவர் அட்வான்ஸை வாங்கிக்கொண்டு, சாயங்காலம் ஃபோன் செய்து, "மச்சினன் வர்றான், சாரி" என்றார். மச்சினன் இன்னும் வரவில்லை. அந்த வீட்டில் டுலெட் போர்டு அப்படியே தொங்குகிறது.

இந்த வீட்டுக்கு அடுத்த தெருவில்தான் குழந்தைகள் காப்பகம். இங்கிருந்து போகச் சொன்னால் வேலையை விடுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. அவ்வளவுதான் விஷயம். ஒரு மஞ்சள் கரு.


ஜூன் 5, வியாழன்

முட்டைத் திட்டம் வெற்றி.

செழியன் லிஃப்ட் ரிப்பேர் கம்பெனியில் வேலை செய்பவன். எதையும் மேலே ஏற்றுவது தன் தொழில் என்று மார்தட்டினான். ஹெல்மெட்டுக்குள் துண்டைச் சுருட்டி, அதற்குள் முட்டைகளை வைத்து, ஹெல்மெட்டைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்தான். வாசலில் கோமதியம்மா. "ஏம்ப்பா, ஹெல்மெட்ட தலையில போடுததுக்குத்தான சட்டம், கையில ஏந்திட்டு வாரே?"

"தலை சூடும்மா" என்றானாம்.

வேகும் வாசனையை மறைக்கப் பக்கத்து அடுப்பில் பெருங்காயம் தாளித்தேன். ஓட்டை நொறுக்கி, இதழியின் அழுக்கு டயப்பருக்குள் வைத்துச் சுருட்டி, ஒட்டி, குப்பைக் கவரில் போட்டேன். எந்தத் துப்பறிவாளரும் அதைத் திறக்க மாட்டார்.

இதழி ஒரு வாய் வாங்கினாள். யோசித்தாள். நாக்கை வெளியே நீட்டி அடுத்த வாய் கேட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெருங்காயப் புகை.

மாடிப்படியில் கோமதியம்மா நின்று மூச்சை இழுத்துவிட்டார். "ஆகா. எந்நேரமும் பெருங்காய வாசனை. இப்பிடி ஒரு குடும்பம் வாடகைக்குக் கிடைக்க நான் புண்ணியம் பண்ணிருக்கணும்."


ஜூன் 8, ஞாயிறு

அப்பா ஃபோன். "பேத்தியப் பாத்து எவ்ளோ நாளாச்சு. வந்துட்டுப் போறேனே."

அப்பாவுக்கு மாடிப்படி ஏறினால் முட்டி வலிக்கும். அதனால் நாங்களே வருகிறோம் என்று சொல்லிவிட்டேன். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். போன பொங்கலுக்குக்கூடத் தெருவிளக்கு எரியவில்லை என்று கம்பத்தில் ஏறியிருக்கிறார். ஆனாலும் வயது வயதுதானே.

அப்பாவிடம் ஒரு பழக்கம் உண்டு. புது மனிதர் யாரைப் பார்த்தாலும் முதலில் ஊர் பெயர், பிறகு தெருவின் பெயர், பிறகு தாத்தா பெயர், அந்தத் தெருவிலிருந்து முதலில் பத்தாவது பாஸ் செய்தவர் தான் என்பது, எல்லாம் சொல்லித்தான் பேச்சை ஆரம்பிப்பார். "மறைக்கறதுக்கு நாம என்ன திருடிட்டா வந்தோம்?" என்பார்.

முட்டி வலிதான் காரணம்.


ஜூன் 10, செவ்வாய்

இதை எழுதலாமா என்று தெரியவில்லை. அலுவலக ரகசியம். சபையில் வைக்கும் வரை வெளியே மூச்சுவிடக் கூடாது. செழியனிடம்கூடச் சொல்லவில்லை. டைரி ஆள் இல்லையே.

எங்கள் மொழிபெயர்ப்புப் பிரிவுக்கு ஒரு சட்ட முன்வடிவு வந்திருக்கிறது. வீடு வாடகைக்கு விடுவதில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டம். சாதி, மதம், திருமணம் ஆனவரா இல்லையா, எதைச் சொல்லியும் வீடு இல்லை என்று சொல்லக் கூடாது. சொன்னால் அபராதம். நான் தமிழ்ப்படுத்தும்போது கை நடுங்கியது. கையெழுத்து நடுங்கினால் பரவாயில்லை, கீபோர்டில் நடுங்கினால் 'வாடகைதாரர்' என்பதில் ஐந்து 'ர' விழுகிறது.

சாயங்காலம் பிரிவு அலுவலர் தணிகாசலம் சார் ஓடி வந்தார். "பூவிழி, நாலாம் பிரிவுல உணவுப் பழக்கம்னு ஒண்ணு புதுசா சேத்துட்டாங்க. மத்த எல்லாத்துக்கும் எடுத்துக்காட்டு இருக்கு, இதுக்கு மட்டும் இல்ல. மாதிரிக்கு ஒண்ணு எழுதிக் குடும்மா. மேல திருத்திக்குவாங்க."

"சார், நான் மொழிபெயர்க்கத்தானே? எழுதறதுக்கு..."

"மாதிரிக்குத்தாம்மா. இடம் காலியா இருந்தா கோப்பு நகராது."

காப்பகத்தில் இதழியை எடுக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. வேறு எதுவும் தோன்றவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டேன்:

*எடுத்துக்காட்டு: 'அ' என்பவர் தம் வீட்டின் மாடிப் பகுதியை 'ஆ' என்பவருக்கு வாடகைக்கு விட்டுள்ளார். 'ஆ' தம் கைக்குழந்தைக்கு மருத்துவரின் அறிவுரைப்படி முட்டையின் மஞ்சள் கருவை ஊட்டுகிறார். வாசனை வெளிப்படாதிருக்கப் பெருங்காயம் தாளிக்கிறார். ஓட்டினைக் குழந்தையின் அணையாடையில் சுருட்டி எறிகிறார். 'அ' மாடிப்படியில் நின்று மோந்து பார்த்து அதனை அறிந்து, அக்காரணம் பற்றி 'ஆ'வைக் காலி செய்யச் சொல்கிறார். 'அ' இப்பிரிவின்படி குற்றம் இழைத்தவராவார்.*

எழுதி முடித்ததும் அவ்வளவு நிம்மதி. மேலே திருத்திவிடுவார்கள்.


ஜூன் 13, வெள்ளி

திருத்தவில்லை!

ஒருவரும் திருத்தவில்லை! கோப்பு மேலே போகப் போகக் கையெழுத்துதான் கூடியிருக்கிறது. ஒவ்வொருவரும் தனக்கு மேலே இருப்பவர் திருத்துவார் என்று போட்ட கையெழுத்து. திருத்தியது ஒரே ஒரு இடம். 'மோந்து பார்த்து' என்பதை 'முகர்ந்து பார்த்து' என்று மாற்றியிருக்கிறார்கள்.

"சார், அதை எடுத்துடுங்க சார். ப்ளீஸ்."

"எதுக்கும்மா? மினிஸ்டரே சிரிச்சாராம். சட்டம்னா இப்பிடித்தான் ஜனங்களுக்குப் புரியணும்னாராம். இப்ப இங்கிலீஷ் பிரதிக்கு இதையே மொழிபெயர்க்கச் சொல்லியிருக்காங்க. பெருங்காயத்துக்கு இங்கிலீஷ்ல என்ன?"

எனக்குத் தெரியும். சொல்லவில்லை. ஒரு சிறு எதிர்ப்பாவது இருக்கட்டும் என்று. அவர் ஃபோனில் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டார்.

இன்று இதழி முழு மஞ்சள் கருவும் சாப்பிட்டாள். நான் எதுவும் சாப்பிடவில்லை.


ஜூன் 16, திங்கள்

கோமதியம்மா செய்தி பார்த்துவிட்டு மொட்டைமாடிக்கு வந்தார். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"கேட்டியா பூவிழி, என் வீட்ல யார வைக்கணும்னு சட்டசபையில முடிவு பண்ணுதாங்களாம். நாங்க சிறுகச் சிறுகச் சேத்துக் கட்டுன வீடு. சட்டம் போடுதவன் வந்து ஒரு செங்கல் எடுத்துக் கொடுத்தானா?"

"இல்லம்மா."

"நீ கவர்மெண்ட் ஆபீஸ்ல என்னமோ எழுதுதவதான? உனக்குத் தெரியாதா இதப் பத்தி?"

"நான் சும்மா தமிழ்ப்படுத்தறேன்மா. அர்த்தம் எல்லாம் பாக்கறதில்ல."

இப்படி ஒரு பொய்யை என் தமிழ்த்துறைப் பேராசிரியர் கேட்டிருந்தால் பட்டத்தைத் திருப்பிக் கேட்டிருப்பார்.


ஜூன் 19, வியாழன்

எங்கிருந்து ஆரம்பிப்பது?

சபையில் இன்று விவாதம். எங்கள் அறையில் டிவி இருக்கிறது. ஓர் உறுப்பினர் எழுந்தார். கண்ணாடியைப் போட்டார். "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, நாலாம் பிரிவு எடுத்துக்காட்டை வாசிக்க அனுமதிக்க வேண்டும்" என்றார். வாசித்தார். ஏற்ற இறக்கத்தோடு. 'அணையாடையில் சுருட்டி' என்ற இடத்தில் நிறுத்தி, சபையைச் சுற்றிப் பார்த்தார். எல்லாப் பக்கமும் ஒரே சிரிப்பு. மேசை தட்டல். இன்னொருவர் எழுந்து, "அந்தக் குழந்தைக்கு இப்ப எடை கூடியிருக்கிறதா என்பதை அமைச்சர் தெளிவுபடுத்த வேண்டும்" என்றார்.

நான் மேசைக்கு அடியில் பேனா தேடிக்கொண்டிருந்தேன். பேனா என் கையில் இருந்தது.

மசோதா நிறைவேறிவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது கேட் அருகே கோமதியம்மா. நான் படியேறினேன். பின்னாலேயே அவரும் ஏறினார். செழியன் கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்த்து, இதழியை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டான். வீரன்.

கோமதியம்மா நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்த 'அ' நான்தான?"

சொன்னேன். ஆமாம் என்று.

"ஊரே சிரிச்சிச்சி. எங்க அக்கா ஃபோன் பண்ணிச் சிரிக்கா. நான் எப்பம் முகர்ந்து பாத்தேன்?"

"படியில நின்னு பெருங்காய வாசனைன்னு சொன்னீங்களேம்மா."

"அது முகர்ந்து பாக்குததா? அது மூச்சு விடுதது! மூச்சு விடக் கூடாதுன்னும் சட்டம் போட்டாச்சா?"

எனக்கு அந்த நேரத்தில் சிரிப்பு வந்தது. வாயைக் கையால் பொத்தினேன். அவர் அதைப் பார்த்துவிட்டார். உதடு துடித்தது. கோபமா, வேறா, தெரியவில்லை.

"நான் உங்கள காலி பண்ணச் சொன்னதாவும் எழுதியிருக்கே. நான் எப்பம் சொன்னேன்?"

"சொல்லலம்மா. சொல்லிடுவீங்களோன்னு பயம். பயந்ததை எழுதிட்டேன்."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "இது எப்பம் சட்டமாவும்?"

"ஆளுநர் கையெழுத்துப் போடணும். அப்புறம் அரசிதழ்ல வரணும்."

"அது வரைக்கும்?"

"அது வரைக்கும் சட்டம் இல்லம்மா."

"அப்பம் இன்னைக்கு உங்கள காலி பண்ணச் சொன்னா சொல்லலாமா?"

இல்லை, முடியாது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். சட்டத்தை எழுதியவளே நான் என்று அல்லவா நினைத்துக்கொண்டிருக்கிறார். அறைக்குள் செழியன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது எனக்குக் கேட்டது.

"சொல்லலாம்மா" என்றேன்.

அவர் தலையாட்டினார். "முட்ட மட்டுந்தானா?"

"மீன் சாப்பிடுவோம். கறியும்."

"நான் அதக் கேக்கல."

அவர் எதைக் கேட்கிறார் என்பது எனக்குத் தெரியும். ஸ்கூலில் பெஞ்ச் மாற்றியபோது தெரியும், ஹாஸ்டலில் தண்ணீர் ஜாடி தள்ளி வைத்தபோது தெரியும். சொல்லாமல் இருக்க எத்தனையோ நல்ல தமிழ் எனக்குத் தெரியும். இன்று சொன்னேன். ஊர் பெயர். எங்கள் தெருவின் பெயர். எல்லையில் நிற்கும் எங்கள் அம்மன் பெயர். தாத்தா பெயரையும் சொல்லிவிட்டேன், கேட்காமலேயே. நிறுத்த முடியவில்லை. வண்டி பிரேக் இல்லாமல் இறங்குகிற மாதிரி ஒரு சந்தோஷம், பயங்கரமான சந்தோஷம்.

கோமதியம்மா என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று எழுந்து போய்விட்டார்.

செழியன் வெளியே வந்தான். "ஏன்டி சொன்னே?" என்றான். பிறகு அவனே, "நல்லா சொன்னே" என்றான். பிறகு மறுபடியும், "ஏன்டி?"


ஜூன் 20, வெள்ளி

கோமதியம்மா பேசவில்லை. தண்ணீர் மோட்டாரை மட்டும் போட்டார்.


ஜூன் 21, சனி

செழியன் காலையிலிருந்து ஃபோனில் வீடு தேடுகிறான். "ஃபேமிலியா சார்? வெஜ்ஜா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். "சார், எங்களைப் பத்தி சட்டத்துலயே போட்டிருக்கு, நாலாம் பிரிவு பாருங்க" என்று இவன் சொல்ல, அவர், "அந்த முட்டைக் குழந்தையா?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்துவிட்டு வீடு இல்லை என்று சொல்லிவிட்டார். இரண்டு பேரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். இதழி எங்களைப் பார்த்துக் கைதட்டினாள். நாங்கள் நல்ல நிலைமையில் இல்லை என்று நினைக்கிறேன்.

மத்தியானம் கோமதியம்மாவின் அக்கா வந்திருந்தார். குரல் எட்டு வீட்டுக்குக் கேட்கும். "இனி நீ வச்சுக்கத்தான வேணும்? போகச் சொன்னா போலீஸு வரும். பயந்து கெடக்க வேண்டியதுதான்!"

"நான் எவனுக்கும் பயந்ததில்ல" என்று கோமதியம்மாவின் குரல். அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நான் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இதற்கு எந்தப் பிரிவில் எடுத்துக்காட்டு எழுதுவார்களோ.


ஜூன் 23, திங்கள்

சாயங்காலம் இதழிக்கு மஞ்சள் கரு பிசைந்துகொண்டிருந்தேன். பெருங்காயம் போடவில்லை. இனி யாருக்காகப் போட வேண்டும்? கதவு தட்டும் சத்தம். கோமதியம்மா. உள்ளே வரவில்லை, வாசற்படியிலேயே நின்றார்.

"கவர்னர் கையெழுத்துப் போட்டாச்சா?"

"இன்னும் இல்லம்மா."

"நிச்சயமா இல்லையே?"

"நிச்சயமா இல்ல. ஏம்மா?"

"அப்பம் சரி. இருந்துக்கிடுங்க."

எனக்குப் புரியவில்லை. கையில் பிசைந்த முட்டையோடு நின்றேன்.

"அவர் கையெழுத்துப் போட்டப்புறம் இருங்கன்னு சொன்னா, சட்டத்துக்குப் பயந்துட்டா கோமதின்னு எங்க அக்கா ஊரெல்லாம் சொல்லுவா. என் வீட்ல யார வைக்கணும்னு நான்தான் முடிவு பண்ணணும். பண்ணிட்டேன். எழுதி வச்சுக்கோ, தேதியோட."

"அம்மா..."

"பேசாத. எனக்கு மனசு முழுசா ஒத்துக்கிட்டுன்னு நினைக்காத. ராத்திரி பூரா ஒத்துக்கிடல. காலையிலயும் ஒத்துக்கிடல. அத நான் பாத்துக்கிடுதேன், அது என் பாடு." நிறுத்தினார். "மீன் வைக்குத அன்னைக்கு மட்டும் முந்தின நாளே சொல்லிரணும். நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிருவேன்."

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வாயிலிருந்து வந்தது வேறு. "அம்மா, உணவு விஷயத்துல அப்படி நிபந்தனை போட்டா அதுவும் நாலாம் பிரிவுப்படி குற்றம்மா."

கோமதியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அதான் இன்னும் வரலல்லா" என்றார். திரும்பிப் படியிறங்கினார். பாதியில் நின்று, "பிள்ளைக்கு வாயத் தொடச்சு விடு, மஞ்சக்கரு காஞ்சு போவுது" என்று சத்தம் போட்டார்.

நான் சிரித்த சிரிப்பில் இதழி பயந்து, பிறகு அவளும் சிரித்தாள். குளித்துக்கொண்டிருந்த செழியன் சோப்போடு ஓடி வந்து, "போகச் சொல்லிட்டாங்களா?" என்றான். சொன்னேன். சோப்போடு ஆடினான். தரை வழுக்கி விழப் பார்த்தான். லிஃப்ட்காரன் ஒருவன் தன் வீட்டிலேயே இப்படிக் கீழே விழுந்தால் கம்பெனி மானம் போய்விடாதா?

பிறகு அப்பாவுக்கு ஃபோன் செய்தேன்.

"ஞாயித்துக்கிழமை வாங்கப்பா."

அந்தப் பக்கம் டிவி சத்தம் குறைந்தது.

"நான் வந்தா பேசுவேனே, பூவு" என்றார், மெதுவாக.

அப்படியென்றால் அவருக்கு எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது. இத்தனை மாதமும். முட்டி வலி என்று நான் சொன்னபோதெல்லாம் ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டிருந்தாரே.

"பேசுங்கப்பா" என்றேன். "கீழ் வீட்லேருந்தே ஆரம்பிங்க."